தாளம் தப்பாத பல்லி

“உஷ்! என் பிள்ளை பாடப்போறான்.”

லவேனியா கையைத் தூக்கியதும் பொன்சாமி மென்றுகொண்டிருந்த மரவள்ளிக் கிழங்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். துக்க வீட்டில் சத்தம் போட்டு மெல்லக்கூடாது என்கிற அளவுக்கு அவனுக்கும் நாகரிகம் உண்டு. ரைவாங்காப் பேட்டையின் தகரக் கூரைகள் மேல் ஃபிஜியின் சுவா நகரத்து மழை வழக்கம்போலக் கொட்டிக்கொண்டிருந்தது. அலமாரி மேலிருந்த ரேடியோவில் அறிவிப்பாளன் சைருசி, “பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்ட ஒருத்தரோட பாட்டு. இன்னைக்கும் நிறையப் பேர் கேட்டிருக்கீங்க” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் விலகிக்கொண்டான்.

முதலில் கிதார். பிறகு, காதோரம் வந்து பேசுகிற மாதிரி ஓர் ஆண் குரல், தணிந்து, கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாக:

‘மழை விடட்டும்... அதுவரைக்கும் உக்காரு...’

டிக்.

“கேட்டியா வாசித்தி? எங்க வீட்டுப் பல்லி!” லவேனியாவின் முகம் மலர்ந்தது. மகனைப் பறிகொடுத்து, கறுப்புத் துணிக்குள் பாதியாக மெலிந்துபோன அந்த அம்மாள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்க்கவே பொன்சாமிக்கு என்னவோ போலிருந்தது. “பின்னாடி அறையில அவன் பதிவு பண்ற இடத்துலதான் அது குடியிருக்கும். வேற என்ன சாட்சி வேணும்? இது என் எபேலி பாடினது. இங்கதான் பாடினது. அந்தச் சைருசி திருடிக்கிட்டுப் போயிட்டான்.”

துப்பறியும் வாசித்தியின் காது பாட்டிலேயே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, குடையின் கைப்பிடியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். போலீசில் சார்ஜென்டாக இருந்து வெளியே வந்தவள். இப்போது துராக் பகுதியில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். பொன்சாமி அவளுடைய உதவியாளன், அதாவது டாக்சி மீட்டர் ஓடாத நேரங்களில்.

டிக்.

பாட்டு முடிந்ததும் லவேனியா ரேடியோவின் தலையை ஒரு குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரித் தடவி, சத்தத்தைக் குறைத்தாள்.

“எபேலி பாடி நீங்க முன்னாடி கேட்டிருக்கீங்களாக்கா?” வாசித்தி கேட்டாள்.

“இல்லயே! அதானே விஷயம். பொறந்ததுலேர்ந்து நெஞ்சு சரியில்ல. ரெண்டு வரிக்கு மேல மூச்சு நிக்காது. ஊரே நாலு குரல்ல பாடும்போது என் பிள்ளை மட்டும் கடைசி பெஞ்சுல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும். அவங்கப்பாவோ பாடகர் குழுவுக்குத் தலைவர். அந்த மனுஷனுக்கு இது பெரிய குறை. அப்புறம்தான் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வச்சு, ஊர்ல இருக்கறவன் பாட்டையெல்லாம் பதிவு பண்ணிக் குடுத்துக்கிட்டிருந்தான்.” லவேனியா ரேடியோ பக்கம் கையை நீட்டினாள். “இந்தப் பாட்டுல பாரு, எவ்வளவு நீளமா இழுக்கறான்! எனக்குத் தெரியாம, ஒரு தடவை... ஒரே ஒரு தடவையாவது மூச்சு வாங்காமப் பாடிட்டுத்தான் போயிருக்கு என் பிள்ளை.”

பொன்சாமி கிழங்கை விழுங்கினான்.

“ஒண்ணு பாடினவன் ஒண்ணோடவா நிறுத்தியிருப்பான்? இன்னும் இருக்கும். சனிக்கிழமை நூறாம் இரவு. துக்கம் இறக்கறோம். அதுக்குள்ள மிச்சப் பாட்டெல்லாம் என் கைக்கு வரணும். கண்டுபிடிச்சுக் குடு வாசித்தி.”

“இலாய்தியா அண்ணன் எங்க?”

“சர்ச்சுல. நூறாம் இரவு வரைக்கும் பாடமாட்டேன்னு விரதம் எடுத்திருக்கார். கையை மட்டும் ஆட்டிக்கிட்டுக் குழுவை நடத்துறார்.” லவேனியா ரேடியோவைப் பார்த்தாள். “இந்தப் பாட்டு வந்தா மனுஷன் எழுந்து வெளிய போயிடறார். மகன் குரலைக் கேக்கத் தெம்பு இல்ல. எனக்கு இதைக் கேட்ட அன்னைக்குத்தான் சோறே இறங்குச்சு.”

டாக்சியில் ஏறியதும் பொன்சாமி வைப்பரை முடுக்கினான். “மராமா, என் தீர்ப்பைச் சொல்லட்டுமா?” மரியாதைக்குரிய பெண்களை ஃபிஜிக்காரர்கள் மராமா என்பார்கள். அவளோடு சேர்ந்த நாளிலிருந்து அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். “சைருசி மூஞ்சியே சரியில்ல.”

“அவனை நீ ரேடியோவுலதானே கேட்டிருக்கே?”

“ரேடியோவுலயே சரியில்லன்னா நேர்ல எப்படி இருக்கும்னு யோசிங்க.”

வாசித்தி சிரிக்கவில்லை. “பொன்சாமி, எந்தப் பல்லியாவது தாளம் தப்பாமச் சொல்லிக் கேட்டிருக்கியா?”

“எங்க வீட்டுல பல்லி சொன்னா வேலையை நிறுத்திட்டு யோசிப்பாங்க. நான் பொய் சொல்லும்போதெல்லாம் சொல்லும். அதனால எங்க வீட்டுப் பல்லிக்குத் தாளம் கொஞ்சம் நெருக்கமா இருக்கும்.”

“இந்தப் பல்லி ஒரே சீரா சொல்லுது. விரல் வச்சுப் பார்த்தேன். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல ஒரே இடைவெளி. இன்னொண்ணும் கேளு. நடுவுல கிதார் மட்டும் தனியா வருதில்ல? அங்க பல்லி மூச்சு விடல. பாடறவர் வாயைத் திறந்ததும் அதுவும் திறக்குது.”

“மரியாதை தெரிஞ்ச பல்லி. வாத்தியம் வாசிக்கும்போது குறுக்க பேசல. என் மச்சான்கிட்ட கூட இல்லாத குணம்.”

“ரேடியோ நிலையத்துக்கு விடு.”

சைருசி நிலையத்துக்குப் பின்னாலிருந்த கேன்டீனில் உருளைக்கிழங்கு வைத்த ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டிருந்தான். முப்பதைத் தொடாத வயது. சட்டைக் கையில் சிநேகிதனுக்காகக் கறுப்புத் துணி கட்டியிருந்தான். பொன்சாமி எதிர்பார்த்ததற்கு மாறாக முகம் நன்றாகவே இருந்தது.

“அந்தப் பாட்டு உனக்கு எங்கிருந்து வந்துச்சு?”

“சொல்லமாட்டேன். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“அதையும் சேர்த்துத்தான் சத்தியம்.”

“திருடினேன்னு லவேனியா அக்கா சொல்றாங்க.”

சைருசி ரொட்டியைக் கீழே வைத்தான். “சொல்லட்டும். அவங்க என்ன சொன்னாலும் வாங்கிக்கறேன்.” கண் கலங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

மிரட்டினால் கல்லாகிவிடுவான் என்று வாசித்திக்குத் தெரிந்துவிட்டது. வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். “சரி, போகட்டும். பாட்டு நல்லாத்தான் இருக்கு. பதிவுதான் மட்டம். ஒரு பல்லியைக் கூட விரட்டத் தெரியாதவன் உன் சிநேகிதன்.”

“யாரு, எபேலியா?” சைருசிக்குச் சுருக்கென்று வந்தது. “சுவாவுலயே அவனை மாதிரி சுத்தமா பதிவு பண்ணினவன் கிடையாது, தெரியுமா? முதல்ல அது பல்லியே இல்ல. கிராபிக்ஸ் கார்டு!”

“கிராபிக்ஸ் கார்டு கூட சொல்லுமா?” பொன்சாமி வாயைப் பிளந்தான். “நல்ல சகுனமா, கெட்ட சகுனமா?”

“அவன் கம்ப்யூட்டர் பழசு. உள்ள வரிசையா கார்டு செருகற ஸ்லாட் இருக்கும். அதுல ஒண்ணுல திரைக்குப் படம் காட்டற கிராபிக்ஸ் கார்டு, இன்னொண்ணுல பாட்டைப் பிடிக்கிற சவுண்ட் கார்டு. ரெண்டுக்கும் போக வர ஒரே பாதை. பதிவு பண்ணும்போது திரையில ஒரு கோடு இடதுலேர்ந்து வலதுக்கு ஓடும். ஓரத்தைத் தொட்டதும் திரை பக்கம் புரட்டும். மொத்தப் படத்தையும் புதுசா வரையணும் இல்ல? அந்த நேரத்துல கிராபிக்ஸ் கார்டு பாதை முழுக்கத் தனக்குன்னு அடைச்சுக்கும். சவுண்ட் கார்டு கையில வச்சிருந்த குரல்ல ஒரு துளி கீழ சிந்திடும். டிக்! ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டிக்.”

“அதான் தாளம் தப்பல” என்றாள் வாசித்தி.

“எபேலி இதோட மல்லுக்கட்டின மாதிரி யாரும் கட்டியிருக்கமாட்டாங்க. மோடத்தைப் பிடுங்கினான். திரையில நிறத்தைக் குறைச்சான். விருந்துல ஆகாத அத்தைகளை எந்த வரிசையில உக்கார வைக்கிறதுன்னு யோசிப்பாங்களே, அது மாதிரி சவுண்ட் கார்டை இந்த ஸ்லாட்லேர்ந்து அந்த ஸ்லாட்டுக்கு மாத்தி மாத்திப் பார்த்தான். கொஞ்சம் குறைஞ்சது. முழுசாப் போகல. கடைசியில ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே வந்தான். பதிவுப் பொத்தானை அமுக்கின உடனே திரையைச் சுருக்கிக் கீழ தள்ளிடு, வரையறதுக்கு எதுவுமே இல்லைன்னா அந்தக் கார்டு ஏன் பாதையை அடைக்கப்போகுதுங்கறான்! அவ்வளவுதான். அன்னைலேர்ந்து டிக்னு ஒரு சத்தம் வந்ததில்ல. சுருக்காம ஒரு தடவை கூடப் பதிவு பண்ணமாட்டான். கை தானாப் போகும்.”

“அப்ப எபேலி கையால பதிவு பண்ணின எதுலயும்...”

“டிக் வராது. ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்!”

சொல்லிவிட்டுத்தான் சைருசிக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பொன்சாமி அன்றுதான் கண்ணால் பார்த்தான். சைருசி ரொட்டியை எடுத்தான், வைத்தான், தண்ணீரைக் குடித்தான். “அந்த அம்மா இப்பத்தான் சாப்பிட ஆரம்பிச்சிருக்காங்க” என்றான் மெதுவாக. “விட்டுடுங்களேன்.”

வாசித்தி அவன் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு எழுந்தாள்.

பின்னறைச் சாவியை லவேனியா ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கூட வரவில்லை. “அவன் நாற்காலியைப் பார்க்கத் தெம்பில்ல. நீங்க போங்க” என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அறை முழுக்கச் சுவரில் முட்டை அட்டைகள். ஜன்னலுக்கு ஒரு பழைய மெத்தை. நாற்காலி முதுகில் எபேலியின் சட்டை ஒன்று இன்னும் தொங்கியது. மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர் வெக்கைக்காகப் பக்கவாட்டுத் தகடு கழற்றியபடி இருந்தது. பொன்சாமி டார்ச் அடித்துக் குனிந்தான்.

“மராமா, இங்க பாருங்க! உச்சியில ஒரு கார்டு, அடியில ஒரு கார்டு, நடுவுல அத்தனை ஸ்லாட்டும் காலி. சம்பந்திச் சண்டை நடந்த கல்யாண வீடு மாதிரி இருக்கு.” இரண்டு கார்டுகளின் ஓரத்திலும் துண்டு டேப் ஒட்டியிருந்தது. மேலே இருந்ததில் ‘சண்டைக்காரி’ என்றும் கீழே இருந்ததில் ‘தொட்டாற்சுருங்கி’ என்றும் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. பொன்சாமி சிரித்தான். எழுதினவன் இப்போது இல்லை என்பது நினைவு வந்ததும் டார்ச்சை அணைத்தான்.

திரை வெளுத்த நிறங்களில் உயிர்பெற்றது. பொன்சாமிக்குக் கம்ப்யூட்டர் தெரியும், அதாவது சீட்டு விளையாடத் தெரியும். கடைசியாகத் திறந்த ஃபைலைத் தட்டினான். அலை அலையாக இரண்டு பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்தன.

“மேல இருக்கிறது கிதார். அதை மட்டும் போடு. போட்டதும் திரையைச் சுருக்கு. இல்லைன்னா நாமளே புதுசா ஒரு பல்லியைப் பெத்து விட்டுடுவோம்.”

கிதார் அறையை நிறைத்தது. முதலிலிருந்து கடைசி வரை பளிங்கு. ஒரு டிக் கூட இல்லை. வாசித்தி விரலைத் தூக்கியபடியே நின்று, தட்டாமலே இறக்கினாள்.

“இப்ப குரல் மட்டும்.”

‘மழை விடட்டும்...’

டிக்.

“போதும், நிறுத்து.” வாசித்தி கட்டிலில்லாத அந்த அறையில் தரையிலேயே உட்கார்ந்தாள். “கிதார் எபேலி. பதிவு பண்ணினதும் எபேலி. கை தானாப் போய்ச் சுருக்கியிருக்கு. குரலைப் பதிவு பண்ணினவர் சுருக்கல. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எபேலி உயிரோட பக்கத்துல இருந்திருந்தா சுருக்காம விட்டிருக்கமாட்டான். அப்ப இது அவன் போனதுக்கு அப்புறம், வேற ஒருத்தர் தனியா உக்காந்து பாடினது.”

பொன்சாமிக்குக் கேலி வரவில்லை. “பாட்டு நடுவுல பல்லி நின்னுதே?”

“குரல் இல்லாத இடத்தைச் சைருசி வெட்டியிருப்பான். அதோட டிக்கும் போயிருக்கும்.”

“அப்ப அந்த அம்மா... ஒரே ஒரு தடவையாவதுன்னு சொன்னாங்களே...”

“பாடல பொன்சாமி. அந்தப் பிள்ளை ஒரு தடவை கூடப் பாடல.”

மழைச் சத்தம் மெத்தையைத் தாண்டி மெலிதாகக் கேட்டது. ஒரு தாயின் மிச்சப் பாட்டுகளைத் தேடி வந்து, இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறோம் என்று அவன் நினைத்தான். திரையை மறுபடி விரித்தான். ஒவ்வொரு பட்டைக்கும் இடது ஓரத்தில் ஒரு பெயர் இருந்தது. மேல் பட்டைக்கு ‘கிதார்’. கீழ்ப் பட்டைக்கு இரண்டே இங்கிலீஷ் எழுத்து.

“டி, ஏ. ‘தா’. இது என்ன மராமா, பாதியில விட்டுட்டானா?”

வாசித்தி எழுந்து வந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. “பாதி இல்ல. முழு வார்த்தை. எங்க ஃபிஜிப் பிள்ளைங்க அப்பாவை அப்படித்தான் கூப்பிடும். தா.” விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டாள். “கிதாரை முடிச்சிட்டு, கீழ வெறும் பட்டையைப் போட்டு, பேரை எழுதி வச்சுக் காத்துக்கிட்டிருந்திருக்கான்.”

பொன்சாமி அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். “எங்க ஆளுங்க கரும்பு வெட்ட வந்தப்ப கொண்டுவந்த தமிழ்ல எனக்கு மிஞ்சினது பத்து வார்த்தைதான். அதுல இதுவும் ஒண்ணு.”

“என்ன அர்த்தம்?”

“குடுன்னு அர்த்தம்.”

சர்ச்சில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நாலு குரலும் சேர்ந்து எழும்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடுவில் கறுப்புச் சட்டையும் இடுப்பில் சுற்றிய கறுப்பு சுலுவுமாக இலாய்தியா. அறுபது வயது, மரம் மாதிரி உடம்பு. இரண்டு கைகளும் காற்றில் ஏறி இறங்கின. உதடுகள் மட்டும் ஒட்டியிருந்தன. பாட்டு உச்சிக்குப் போகும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் வாய் திறக்கவில்லை.

ஒத்திகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வாசித்தி முன்னால் போய் நின்றாள். “அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டாவது பட்டைக்கு ஒரு பேர் இருக்கு. பார்த்தேன்.”

இலாய்தியா பெஞ்சில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. மறுக்கிற ஆள் இப்படி ஒரேயடியாகத் தளரமாட்டான் என்று பொன்சாமி நினைத்தான்.

“சைருசி சொன்னானா, சார்ஜென்ட்?”

“இல்ல. பல்லி சொல்லுச்சு.”

பெரியவர் கையைப் பிசைந்தார். “என்கிட்ட அவன் எதுவுமே கேட்டதில்ல. பிறந்ததுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். தா, ஒரு பாட்டுக்கு வந்து பாடுங்களேன், மெட்டு என்னோடது, மூச்சு உங்களோடதுன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கர்த்தர் வீட்டுல பாடற வாய் பெட்டிக்குள்ள பாடாதுன்னேன். அப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் போனான். அப்புறம் ஆஸ்பத்திரி.”

“எபேலி போனப்புறம் அந்த அறைக்குப் போனீங்களா?”

“சட்டையை எடுக்கப் போனேன். அவன் அணைக்காம விட்டுப் போன திரையில என் பேரு. பக்கத்துல வெறும் பட்டை. அது ஒண்ணுதான் அவன் எனக்குப் போட்டு வச்ச பாய். உக்காராம வர முடியுமா?” பெரியவர் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “அதுக்கு முன்னாடியே விரதம் எடுத்திருந்தேன். நூறாம் இரவு வரைக்கும் பாடறதில்லைன்னு சபை முன்னாடி சொன்னவன் நான். அக்கம்பக்கம் கேட்டுடக்கூடாதுன்னு மைக்குக்குள்ள வாயை வச்சு மெதுவாப் பாடினேன். சிவப்புப் பொத்தானை அமுக்கினா பதிவாகும்கிறது மட்டும் தெரியும்.”

பொன்சாமிக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பது வருஷமாகக் கண்ணாடி அதிரப் பாடின மனுஷன் கிசுகிசுத்தால் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதுதான்.

“ரேடியோவுல ஏன் குடுத்தீங்க?”

“சைருசிகிட்ட இந்தப் பாட்டைத் தர்றதா எபேலி வாக்குக் குடுத்திருந்தான். அவன் கிதாரை ஊர் கேக்கட்டுமேன்னு நினைச்சேன். ரெண்டு பேர் பேரும் வேண்டாம்னேன். லவேனியா அதைக் கேட்டுட்டு, என் பிள்ளை பாடறான்னு கத்திக்கிட்டு ஓடி வந்தா. அன்னைக்கு ராத்திரி ஒரு தட்டு சோறு சாப்பிட்டா, சார்ஜென்ட். அதுக்கப்புறம் நான் எப்படி வாயைத் திறப்பேன்?”

“ஒண்ணு கேக்கணும். திரையைச் சுருக்கிட்டுப் பாடியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சைருசி சொல்லலியா?”

“சொன்னான். டிக் விழுது, சுருக்கிட்டு இன்னொரு தடவை பாடுங்கன்னான். உக்காந்து பார்த்தேன்.” இலாய்தியா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சுருக்கினா அந்தப் பேரு மறைஞ்சிடுது. பேரு மறைஞ்சா எனக்குக் குரல் வரல. அதான் டிக்கோடயே போகட்டும்னுட்டேன்.”

வெளியே மழை வலுத்தது. வாசித்தி குடையை எடுத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நான் அவங்ககிட்ட பதில் சொல்லியாகணும். மிச்சப் பாட்டு இருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடுவேன். இந்தப் பாட்டைப் பத்தி நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னோடது இல்ல.”

“சொன்னா அவ மறுபடி செத்துடுவா.”

“சொல்லலைன்னா ஆயுசுக்கும் சைருசியைத் திருடன்னுவாங்க. இல்லாத பாட்டுங்களைத் தேடிக்கிட்டே இருப்பாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளிய போய்க்கிட்டே இருப்பீங்க.”

பெரியவர் குனிந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார். சொல்வாரா மாட்டாரா என்று டாக்சியில் பொன்சாமி பந்தயம் கட்டப் பார்த்தான். வாசித்தி பந்தயம் ஏற்கவில்லை.

மறுநாள் மதியம் அவர்கள் போனபோது வீட்டில் பாய்கள் குவிந்திருந்தன. சனிக்கிழமை விருந்துக்கு உறவினர் கொண்டுவந்து இறக்கியவை. லவேனியா ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தாள். “கிடைச்சுதா?” என்றாள், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள்.

“இல்லக்கா. வேற பாட்டு எதுவும் இல்ல. அறை முழுக்கப் பார்த்துட்டோம்.”

லவேனியா உதட்டைக் கடித்தாள். “இருக்கும். அவன் ஒளிச்சு வச்சிருப்பான், அந்தத் திருடன்.”

கதவு திறந்தது. இலாய்தியா நனைந்துபோய் உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் மனைவிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். ரேடியோவில் சைருசி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு விலக, கிதார் ஆரம்பித்தது. வழக்கமாக அவர் எழுந்து போகிற இடம் அது. லவேனியா வழிவிட்டு நகர்ந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

‘மழை விடட்டும்...’ என்றது ரேடியோ.

‘அதுவரைக்கும் உக்காரு...’ என்று இலாய்தியா சேர்ந்துகொண்டார். சபை முன்னால் எடுத்த விரதம், இரண்டு வெளியாட்கள் எதிரில், ஒரு இரவு பாக்கி இருக்கும்போது வெளிப்படையாகவே உடைந்தது.

லவேனியா சட்டென்று திரும்பினாள். முதலில் கோபம்தான் வந்தது. “என்ன பண்றே நீ? பிள்ளை பாடும்போது...” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ரேடியோவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். ஒரே இடத்தில் மூச்சு எடுத்தார்கள். ஒரே இடத்தில் இழுத்தார்கள்.

டிக்.

அவள் எழுந்தாள். ரேடியோவை அணைத்தாள்.

பாட்டு நிற்கவில்லை.

அதே குரல், அதே கிசுகிசுப்பு, அந்த அறையிலேயே, டிக் இல்லாமல். இலாய்தியா கண்ணைத் திறக்காமல் பாடிக்கொண்டிருந்தார். லவேனியா அவர் முன்னால் சரிந்து உட்கார்ந்து, அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். பொன்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அப்ப அவன் பாடவே இல்லையா? ஒரு தடவை கூடவா?”

“இல்ல லவேனியா.” பாட்டு நின்றது. “அவன் வெறும் பட்டையைப் போட்டு என் பேரை எழுதி வச்சிருந்தான். தான்னு எழுதி வச்சிருந்தான். அவன் இருந்தப்ப நான் போகல.”

அவள் வாய்விட்டு அழுதாள். இத்தனை இரவாகப் பிள்ளைக்காக அழுதவள், இன்று அவன் பாடாமல் போன பாட்டுக்காக அழுதாள். அது ஓய வெகுநேரம் பிடித்தது. பிறகு துடைக்கத் துணி தேடி, கிடைக்காமல், புருஷனின் ஈரச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கிதார்?” என்றாள். “கிதாராவது அவனோடதா?”

“முழுக்க அவனோடது. ஒரு பிசிறு இல்ல.”

லவேனியா தலையாட்டினாள். மறுபடி ரேடியோவைப் போட்டாள். பாட்டு முடிந்து வேறு ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு எல்லாரும் வருவாங்க. அந்தப் பையன் சைருசியையும் கூப்பிடு, நான் மன்னிப்புக் கேக்கணும். அந்தக் கம்ப்யூட்டரை இங்க கொண்டு வந்து கிதாரை மட்டும் போடட்டும்.” புருஷன் பக்கம் திரும்பினாள். “நீ எதிர்ல நின்னு பாடு. மெதுவா இல்ல. அவன் கேட்ட மாதிரி, வாயைத் திறந்து பாடு.”

வாசித்தி சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். டாக்சியில் ஏறியும் பொன்சாமி சாவியைத் திருப்பவில்லை. அவளும் கிளம்பச் சொல்லவில்லை. உள்ளே பெரியவர் மெதுவாக மறுபடி ஆரம்பிப்பது கேட்டது.

“மராமா, மழை விட்டதும் போலாமா?”

“சுவாவுல அது எப்ப விடும்?”

“அதான்” என்றான் பொன்சாமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அதுவரைக்கும் உக்காருவோம்.”